சொந்தக்காரர்கள் எடுத்த ஏலம்

நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் என் பக்கத்து நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்குக் கைப்பை பைத்தியம். சம்பளம் வந்த கையோடு ஒன்று வாங்குவாள். இப்போது வீட்டில் வைக்க இடமில்லையாம், விற்கப் போகிறாளாம். போன வாரம் மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, நீங்க ஆன்லைன்ல ஏலம் போட்டு நிறைய வித்தீங்களாமே. எனக்கு இதான் ஃபர்ஸ்ட் டைம். டிப்ஸ் சொல்லுங்களேன்.”

சொன்னேன். ஜன்னலோரம் காலை வெளிச்சத்தில் படம் எடு, டியூப்லைட்டில் எடுத்தால் புதுப் பொருளும் பழசாகத் தெரியும். கீறல் இருந்தால் அதைத் தனியாகக் கிட்டே போய் எடுத்துப் போடு, மறைக்காதே. ஆரம்ப விலையைக் குறைவாக வை, நாலு பேர் உள்ளே வந்தால்தான் ஏலம் சூடு பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடிகிற மாதிரி வை, அப்போதுதான் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு போனும் கையுமாகச் சாய்ந்திருப்பார்கள். பெட்டியில் கட்டி எடை பார்த்த பிறகுதான் தபால் செலவைச் சொல்ல வேண்டும். அவள் எல்லாவற்றையும் போனில் தட்டிக்கொண்டாள். “நீங்க எக்ஸ்பர்ட் லா அக்கா” என்றாள். நான் சிரித்துவைத்தேன்.

நான் சொன்ன எதிலும் பொய் இல்லை. ஆனால் முதலில் சொல்லியிருக்க வேண்டியதை மட்டும் விட்டுவிட்டேன். சொந்தக்காரர்களிடம் மூச்சு விடாதே என்பதுதான் அது. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு அழுகிற வயது எனக்குத் தாண்டிவிட்டது.

என் கணவர் கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு ஃபேன்கள் இருந்தன. பழைய காலத்து இரும்பு மேசை ஃபேன், பித்தளை இறக்கை, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை அங்கே போவார், வெறுங்கையோடு திரும்பியதாக எனக்கு நினைவில்லை. சந்தையை மூடிய பிறகு எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஜனங்கள் தூக்கிப் போடும் சாமான்களைக் கிளற ஆரம்பித்தார். கொண்டு வந்ததைப் பிரித்து, துரு சுரண்டி, ஒயர் மாற்றி, பெயின்ட் அடித்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு அலமாரியில் ஏற்றிவிடுவார். ஓடாத ஃபேனைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. ஓடுகிற ஃபேனைக் கண்டால் எனக்குக் கரண்ட் பில் ஞாபகம் வரும். இப்படியே காலம் ஓடியது. ஆங் மோ கியோவில் எங்களுடையது சின்ன வீடு. இரண்டு படுக்கையறையில் ஒன்று முழுக்க ஃபேன், கூடத்திலும் பாதி ஃபேன்.

ஒருநாள் காலை குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. சொல்வது புரிந்தது, பதில்தான் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சி கொடுக்கும் சமூக மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே இருந்த சோஷியல் வொர்க்கர் தமிழ்ப் பெண், நல்ல பெண். என்னை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னாள். இங்கே ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது, ஒன்று வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும், இல்லையென்றால் முதியோர் பராமரிப்பு இல்லம்.

வீட்டுக்குத்தான் என்று உடனே சொன்னேன். யோசிக்கவே இல்லை. வீட்டைப் பார்க்க ஒரு தெரப்பிஸ்ட் வந்தாள். அளவு நாடாவோடு எல்லா இடத்தையும் அளந்துவிட்டு, ஃபேன் அறை வாசலில் நின்றாள். அதை ஒட்டித்தான் கழிப்பறை. ஆஸ்பத்திரிக் கட்டில் போடவும் வீல்சேர் திரும்பவும் அந்த ஒரு அறையில்தான் முடியும், இது காலியானால் போதும் என்றாள். பணிப்பெண்ணும் கிடைத்தாள். ஏஜென்சியில் பேசி, அவர் வீடு திரும்பும் நாளன்று வருவதாக ஏற்பாடு. அந்த நாளுக்குள் அறை காலியாக வேண்டும். அப்போது என் வாழ்க்கையில் வேறு எந்தக் கவலையும் இல்லை, இந்த ஒன்றுதான். அறை காலியானால் அவர் வீட்டுக்கு வருவார், ஆகாவிட்டால் வரமாட்டார்.

கராங் குனிக்காரரைக் கூப்பிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும். பழைய இரும்பு, பேப்பர் எடுக்க ஹார்ன் அடித்துக்கொண்டு வருவாரே, அவர்தான். ஆஸ்பத்திரியில் கணவரிடம் அப்படித்தான் சொன்னேன். அவர் முகம் கோணிக்கொண்டு போனது. அழுதார். நினைவு தெரிந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சரி, சரி, எடைக்குப் போட மாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் விட்டார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

“ஏலத்துல விடட்டுமாங்க?”

பாதி வாயால் சிரித்தார். தலையை ஆட்டினார், இன்னொரு முறை ஆட்டினார்.

அவர் சிரித்ததற்குக் காரணம் உண்டு. வருடா வருடம் தை மாதம் எங்கள் சொந்தபந்தங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சின்னக் கோயிலில் பூஜை போடுவோம். பூஜை முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் ஏலம் நடக்கும். அம்மன் காலடியில் வைத்த எலுமிச்சம்பழம், சாத்திய சேலை, ஒரு தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். மைக் பிடித்து ஏலம் விடுவது என் கணவர்தான். அந்த ஏலத்தில் யாரும் மலிவாக வாங்க வருவதில்லை. எலுமிச்சம்பழம் எத்தனை உயரம் போகிறதோ அத்தனை பெருமை. மாமா கேட்டால் மச்சான் ஏற்றுவார், மச்சான் ஏற்றினால் சம்பந்தி விடமாட்டார். கேட்ட தொகையை அன்றைக்கே யாரும் கட்டுவதும் இல்லை. அடுத்த தைப் பூஜைக்குள் கொடுத்தால் போதும். கொடுக்காதவர் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவரும் கிடையாது.

நான் செய்த தப்பு என்னவென்று கேட்டால், இரண்டும் ஒரே ஏலம் இல்லை என்பதைக் குடும்பத்தாருக்கு விளக்காமல் விட்டது. விளக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? எல்லோரும் படித்தவர்கள், போனில் சட்டை வாங்குகிறவர்கள்.

போன் ஆப்பில் ஏலம் போட்டேன், முதல் ஃபேன் அழகாக விற்றது. பச்சை நிறம், கழுத்து ஆடும். லிட்டில் இந்தியா ரயில் நிலைய வாசலில் நின்று ஒரு மலாய்க்காரரிடம் கொடுத்தேன். குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கணவரிடம் போய்ச் சொன்னபோது இடது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அந்தச் சந்தோஷத்தில், ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுகொண்டு, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க்கைப் போட்டேன். அண்ணனுடைய ஃபேன்களை ஏலம் விடுகிறோம், தெரிந்தவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்று எழுதினேன். வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன.

மீதியை நாலைந்து தொகுதியாகப் பிரித்துப் போட்டேன். எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமை முடியும்படி வைத்தேன், எடுத்துப் போக அதற்குப் பிறகும் அவகாசம் இருக்கிறது என்று கணக்கு. இரண்டாம் நாளே ஒரு சீனப் பையன் செய்தி அனுப்பினான். கஃபே திறக்கப் போகிறானாம், இந்த மாதிரி ஃபேன்தான் தேடிக்கொண்டிருந்தானாம். “ஆண்டி, எல்லாத்தையும் நானே எடுத்துக்கிறேன். லாரி இருக்கு. ஓடாததும் ஓகே.” எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நேரில் வந்து எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆப்புக்கு வெளியே வியாபாரம் பேசக் கூடாது என்று விதியில் போட்டிருந்தது, நான் விதியை வரி விடாமல் படிக்கிற ஜாதி. ஏலத்திலேயே கேளப்பா, உனக்குத்தான் வரும் என்றேன். அவனும் நியாயமான விலை போட்டான். சனிக்கிழமை வரை வேறு ஆளே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். போன் துடிக்க ஆரம்பித்தது. விலை ஏறுகிறது. முதலில் எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன். பெயர்களைப் பார்த்தேன். ஒன்று என் நாத்தனார், கிளமெண்டியில் இருக்கிறாள். இன்னொன்று என் கொழுந்தன். அப்புறம் அவர்கள் பிள்ளைகள், சம்பந்திகள். சீனப் பையன் ஒரு படி ஏற்றினால் இவர்கள் இரண்டு படி ஏற்றுகிறார்கள். நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

“அண்ணி, யாரோ ஒருத்தன் நம்ம அண்ணன் சாமான அடிமாட்டு விலைக்குக் கேக்குறான். நாங்க விட்டுருவோமா?”

“விட்டுடும்மா. அவன்தான் லாரி வெச்சிருக்கான். எனக்கு ரூம் காலியாகணும்.”

“நீங்க ஏன் கவலப்படுறீங்க? எத்தன வருஷம் அண்ணன் நமக்கு ஏலம் விட்டுருக்கு. இன்னிக்கு அண்ணன் பொருளு ஏலத்துக்கு வந்திருக்கு. கேவலமா போக விட்டா எங்களுக்குத்தான் அசிங்கம்.”

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணனுக்காக அழுகிறவளிடம் என்ன பேச முடியும்? கொழுந்தனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ஏலத்தில் மும்முரமாக இருந்திருப்பான். பஸ் ஆங் மோ கியோ வந்து சேருவதற்குள் எல்லாத் தொகுதியும் முடிந்துவிட்டன. ஒன்றுவிடாமல் குடும்பத்துக்கே விழுந்தது. குரூப்பில் ஒரே கொண்டாட்டம். அதற்கு நடுவில் சீனப் பையனின் செய்தி வந்தது. “ஆண்டி, இவங்க எல்லாம் உங்க ஆளுங்கதானே? விலை ஏத்திவிடத்தானே? நான் இந்த விளையாட்டுக்கு வரல லா.” அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

சரி, யார் எடுத்தால் என்ன, எடுத்துக்கொண்டு போனால் சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். யாரும் வரவில்லை. ஆப்பில் பணமும் கட்டவில்லை. கொழுந்தனைப் பிடித்துக் கேட்டேன்.

“பூஜைக்குள்ள கட்டிடுறோம் அண்ணி. நாங்க எங்க ஓடிப் போயிடப் போறோம்?”

“பணம் கிடக்கட்டும். சாமான எடுத்துட்டுப் போங்க. உங்க அண்ணன் வரணும்.”

“இது ஆடி மாசம் அண்ணி. ஆடில ஒரு பொருள வீட்டுக்குள்ள ஏத்துவாங்களா? அதுவும் அண்ணனுக்கு உடம்புக்கு முடியாம இருக்கும்போது. ஆவணி பொறக்கட்டும், மொத நாளே லாரியோட வந்து நிக்கிறோம்.”

ஆடித் தள்ளுபடி என்று சிராங்கூன் ரோட்டில் துணிக்கடைக்குள் முண்டியடிக்கிற குடும்பம் இது. அதை முகத்துக்கு நேரே கேட்டேன். துணி வேறு, இரும்பு வேறு என்றான். இதற்கு மேல் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

அந்த வாரமே ஆப்பிலிருந்து செய்தி வந்தது. விற்பவருக்கு வேண்டியவர்களே விலையை ஏற்றியதாகப் புகார், வென்றவர்கள் யாரும் பணம் கட்டவில்லை, எனவே கணக்கு முடக்கப்படுகிறது. சீனப் பையனுக்கு எழுதலாம் என்று பார்த்தால் பழைய செய்திகள்கூடத் திறக்கவில்லை. அவன் கடை எங்கே என்று நான் கேட்டுவைக்கவும் இல்லை.

நாத்தனாரைக் கூப்பிட்டு, நாளைக்குக் கராங் குனிக்காரரைக் கூப்பிடப் போகிறேன் என்று சொன்னேன். சத்தியமாவது ஒன்றாவது, மனுஷன் வீட்டுக்கு வந்தால் போதும்.

“ஐயோ அண்ணி, அண்ணன்கிட்ட நாங்க சொல்லியாச்சே! நேத்துப் போயி, உன் ஃபேன் ஒண்ணுகூட வெளிய போகல, எல்லாத்தையும் நாங்களே எடுத்துட்டோம்னு சொன்னோம். அண்ணன் எப்படிச் சிரிச்சுது தெரியுமா? அழுதுடுச்சு. இப்பப் போயி குப்பைக்குக் குடுத்தா அது உசுரு தாங்குமா?”

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானே பார்த்தேன். அவர் முகத்தில் அத்தனை தெளிவு. இடது கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டு, எல்லோருமா என்று கேட்டார். எல்லோரும்தான் என்றேன். இனி எப்படிக் கராங் குனிக்காரரைக் கூப்பிடுவேன்? என்னைத் தவிர எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

என்னால் ஆனதைச் செய்தேன். எங்கள் படுக்கையறைக்குள் அடுக்கினேன், கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இரண்டு நாள் தூக்கியதில் முதுகு நிமிரவில்லை, அறையில் பாதிகூடக் குறையவில்லை. வெளி நடைபாதையில் வைத்ததற்கு நகர மன்றத்திலிருந்து எச்சரிக்கை ஒட்டிவிட்டுப் போனார்கள், திரும்ப உள்ளே தூக்கினேன். தெரப்பிஸ்ட் மறுபடி வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். சோஷியல் வொர்க்கர் கொஞ்ச நாள் அவகாசம் வாங்கிக் கொடுத்தாள், அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வேறு நோயாளி காத்திருந்தார். பணிப்பெண்ணை ஏஜென்சி வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆடி முடியப் பத்து நாள்கூட இல்லாத நேரத்தில் என் கணவரைப் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டு போனார்கள். கொஞ்ச நாளைக்குத்தான், ரூம் காலியானதும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவரிடம் சொன்னேன். நானும் அதை நம்பினேன்.

ஆவணி முதல் நாள், சொன்ன சொல் தவறாமல் வந்தார்கள். லாரி வந்தது. தட்டில் வெற்றிலை, பழம் எல்லாம் வைத்துக் கொண்டுவந்தார்கள். கேட்ட தொகையை, தை வரைகூடக் காத்திருக்காமல், ஒரு வெள்ளி, ஒரு காசு குறையாமல் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். நாத்தனார் ஒவ்வொரு ஃபேனையும் துண்டால் துடைத்துத் துடைத்து அனுப்பினாள். இவர்களை எப்படித் திட்டுவது? திட்ட முடிந்திருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். உலகத்தில் என் கணவரை இத்தனை நேசிக்கிறவர்கள் வேறு யாரும் இல்லை, அவரை வீட்டுக்கு வராமல் செய்ததும் அவர்கள்தான். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க என் மனதில் இடம் போதவில்லை.

அந்த வாரம்தான் அவருக்கு உணவு நுரையீரலுக்குப் போய்ச் சளி கட்டியது. காய்ச்சல், ஆஸ்பத்திரி, திரும்ப இல்லம். இப்போது மூக்கில் குழாய். திருப்பிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதம்மா என்று டாக்டர் சொன்னார். ஒரு மாதம் முன்னால் வீட்டுக்கு வந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்று கேட்டேன். அதை யாரும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் எனக்கு இன்றுவரை போதவில்லை.

டாக்டர் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. நாத்தனார்தான் விடாமல் நச்சரித்தாள், ஃபேன் எல்லாம் நல்லபடியா வீடு போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க அண்ணி, சந்தோஷப்படும் என்று. ஒரு சனிக்கிழமை சொன்னேன். குனிந்து, அவர் இடது காதுப் பக்கமாக.

“எல்லாரும் வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. ரூம் காலியாயிடுச்சுங்க.”

என்னைப் பார்த்தார். பிறகு போர்வையைத் தள்ளிவிட்டு, இடது காலை மெல்ல மெல்ல நகர்த்திக் கட்டிலுக்குக் கீழே இறக்கினார். பாதம் தரையில் அங்கும் இங்கும் துழாவியது. என்ன செய்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. செருப்பைத் தேடுகிறார்.

நான் அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கி மறுபடி மெத்தைமேல் வைத்தேன். எனக்குத்தான் விஷயம் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்த என் குடையை எட்டி எடுத்து, என்னிடம் நீட்டினார்.